பள்ளியறைப் பூசை

பள்ளியறைப் பூசை என்பது தமிழ்நாட்டுக் கோயில்களில் நாள்தோறும் இரவில் இறுதியாக நடைபெறும் வழிபாடு ஆகும். பகல் முழுவதும் நீராட்டு, அலங்காரம், அமுது, உலா என்று ஓர் அரசரைப் போலப் போற்றப்பட்ட இறைவனை இவ்வழிபாட்டின்போது உறங்கச் செய்வர். சிவன் கோயில்களில் இறைவனின் திருவடிகளோ ஒரு சிறு திருவுருவமோ பல்லக்கில் அம்மன் சன்னதியை ஒட்டிய பள்ளியறைக்கு எடுத்துச் செல்லப்படும். பெருமாள் கோயில்களில் இதற்கென்றே தனியாக ஒரு சிறு திருவுருவம் இருக்கும். பூசை முடிந்து கதவு சாத்தப்பட்ட பின்னர் மறுநாள் விடியற்காலை வரை கோயில் திறக்கப்படுவதில்லை.

பூசைகளின் பட்டியலில் இது கடைசி வரியாக மட்டும் குறிப்பிடப்படுவது வழக்கம். ஆயினும் தமிழர் சமயம், இசை, சமூக வரலாறு ஆகிய மூன்றும் ஒருங்கே சந்திக்கும் இடங்களில் இதுவும் ஒன்று எனலாம்.

சொல்லும் பொருளும்

பள்ளி என்னும் தமிழ்ச்சொல் படுக்கை, உறங்குமிடம், துறவியர் தங்குமிடம், கற்குமிடம் எனப் பல பொருள்களைத் தரும். சமணத் துறவியர் தங்கிய குகைகள் பள்ளி எனப்பட்டன. பள்ளிக்கூடம், பள்ளிவாசல், அரசரைப் புதைத்த இடத்தில் எழுப்பப்படும் பள்ளிப்படை ஆகிய சொற்களும் இதன் உறவுகளே. உறங்குதல் என்பதைப் பெரியோர்க்குச் சொல்லும்போது பள்ளிகொள்ளுதல் என்பது மரபு. அவர்களை எழுப்புதல் பள்ளியெழுச்சி ஆகும். தொண்டரடிப்பொடி ஆழ்வாரும் மாணிக்கவாசகரும் பத்துப் பத்துப் பாடல்களில் திருப்பள்ளியெழுச்சி பாடியுள்ளனர். இருபதாம் நூற்றாண்டில் பாரதியார் அதே வடிவத்தை எடுத்துப் பாரத மாதாவைத் துயில் எழுப்பினார்.

அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு சொல் திருவனந்தல் என்பது. மதுரை, திருநெல்வேலி, திருச்செந்தூர் போன்ற தென்மாவட்டக் கோயில்களில் விடியற்கால வழிபாட்டுக்கு இப்பெயர் வழங்குகின்றது. அனந்தல் என்றால் உறக்கம் என்று பொருள். இரவில் தொடங்கிய உறக்கத்தைக் கலைக்கும் பூசைக்கு உறக்கத்தின் பெயரே நின்றுவிட்டது.

பூசை நடைபெறும் முறை

சிவன் கோயில்களில் பொதுவாக நாளொன்றுக்கு ஆறு காலப் பூசை என்பர். உசத்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாம் காலம், அர்த்தசாமம் என்பன அவை. பெரிய கோயில்களில் இவ்வெண்ணிக்கை கூடும். சிறிய கோயில்களில் குறையும். அர்த்தசாமப் பூசையின் முடிவில் பள்ளியறைப் பூசை நடைபெறுகின்றது. அர்த்தசாமம் என்ற சொல்லுக்கு நள்ளிரவு என்று பொருள் இருந்தாலும், இன்று பெரும்பாலான கோயில்களில் இரவு எட்டரை மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் இப்பூசை முடிந்துவிடுகின்றது.

பள்ளியறை என்பது பெரும்பாலும் ஒருவர் இருவர் மட்டுமே நுழையக்கூடிய சிற்றறை. உள்ளே கட்டில் அல்லது ஊஞ்சல், மெத்தை, தலையணை, சுவரில் நிலைக்கண்ணாடி ஆகியவை இருக்கும். ஒரு வீட்டில் படுக்கையறை எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். கருவறையிலிருந்து இறைவன் புறப்படும்போது நாகசுரமும் தவிலும் முன்செல்லும். பல்லக்கு திருச்சுற்றில் வந்து பள்ளியறை வாயிலில் நிற்கும். திருவடி அல்லது திருவுருவம் உள்ளே எழுந்தருளச் செய்யப்பட்டதும், காய்ச்சிய பால், பழம், வெற்றிலை பாக்கு முதலியன படைக்கப்படும். பாடல் பாடப்படும். தீபம் காட்டித் திரை இடப்படும். பின்னர் கதவு சாத்தப்படும். படைத்த பாலைக் காத்திருப்பவர்களுக்குக் கொஞ்சங் கொஞ்சமாக உள்ளங்கையில் ஊற்றுவர். குழந்தைப்பேறு வேண்டுவோரும், திருமணமாகிச் சில காலமே ஆனவர்களும் இந்தப் பாலுக்காகவே வருவதுண்டு.

இதில் கவனிக்க வேண்டியது, இறைவன்தான் இறைவியின் இடத்துக்குச் செல்கின்றான் என்பது. கருவறையில் இலிங்கம் அசையாது இருக்கின்றது. அதன் ஆற்றல் மட்டும் திருவடி வடிவில் வீடு திரும்புகின்றது. பகலில் ஊரை ஆளும் தலைவன் இரவில் கணவன் ஆகிவிடுகின்றான் என்று இதனை விளக்குவர்.

மதுரை

இவ்வழிபாட்டை மிக விரிவாகக் காணக்கூடிய இடம் மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில் ஆகும். இங்கு திருவனந்தல், விளாபூசை, காலசந்தி, திரிகாலசந்தி, உச்சிக்காலம், மாலைப்பூசை, அர்த்தசாமம், பள்ளியறை என எட்டுக் காலப் பூசைகள் உள்ளன. அதாவது பள்ளியறைப் பூசை இங்கே அர்த்தசாமத்தின் வால் அன்று. தனிப் பூசையாகவே எண்ணப்படுகின்றது. இரவில் சுந்தரேசுவரரின் திருவடிகள் பல்லக்கில் சுவாமி சன்னதியிலிருந்து அம்மன் சன்னதிக்குக் கொண்டுவரப்படுகின்றன. முன்னதாக மீனாட்சியம்மனின் மூக்குத்தி ஒளிரும்படி காட்டப்படும் தீபாராதனையைக் காணவும் கூட்டம் நிற்கும். வெள்ளிக்கிழமை மாலைகளில் பொற்றாமரைக் குளத்தின் அருகே உள்ள ஊஞ்சல் மண்டபத்தில் இறைவனையும் இறைவியையும் ஊஞ்சலில் வைத்து ஆட்டுவது தனி நிகழ்ச்சி. அதற்கும் பள்ளியறைக்கும் உறவு உண்டு என்றாலும் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளக்கூடாது.

வெளிநாட்டுப் பயணிகளும் இப்பல்லக்கைக் காணத் திரளுவதால் மதுரைப் பள்ளியறைப் பூசை பயண நூல்களில் இடம்பெற்றுவிட்டது. பல்லக்கைத் தூக்கிவருபவர்கள் இந்தக் கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. அவர்களுக்கு அது நாள்தோறும் முடிக்கவேண்டிய வேலை.

சிதம்பரம்

சிதம்பரம் நடராசர் கோயிலிலும் இரவில் இறைவனின் திருவடிகள் பல்லக்கில் பள்ளியறைக்கு எழுந்தருளுகின்றன. எல்லாச் சிவத்தலங்களிலும் உள்ள இறைவனின் கலைகள் அர்த்தசாமத்தில் சிதம்பரத்தில் வந்து ஒடுங்குகின்றன என்பது சைவர்களின் நம்பிக்கை. ஆகவே இத்தலத்து அர்த்தசாமப் பூசையைக் காண்பது எல்லாத் தலங்களையும் வணங்கியதற்கு ஒப்பு என்று கூறுவர். ஓயாது ஆடுபவனாகச் சொல்லப்படும் கடவுளுக்கே உறங்கும் அறை ஒன்றும் இருப்பது முரணாகத் தோன்றலாம். கூத்தன் ஆடிக்கொண்டே இருக்கின்றான், திருவடி மட்டும் ஓய்வு கொள்கின்றது என்பதே பக்தர்கள் தரும் விடை.

பெருமாள் கோயில்களில்

வைணவ ஆகமங்கள் ஒரு கோயிலில் இருக்கவேண்டிய திருவுருவங்களைப் பல வகையாகப் பிரிக்கின்றன. கருவறையில் நிலையாக உள்ளது மூலவர். ஊர்வலத்துக்கு உற்சவர். நீராட்டுக்கு ஒன்று, உறங்கச் செய்வதற்கு ஒன்று எனத் தனித்தனியே உண்டு. உறங்கச் செய்வதற்கான உருவம் சயன பேரம் எனப்படும். பேரம் என்றால் இங்கே திருவுருவம். விலை பேசுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

திருமலை திருவேங்கடவன் கோயிலில் இந்த இரவுப் பூசைக்கு ஏகாந்த சேவை என்று பெயர். வெள்ளியாலான போக சீனிவாசர் என்னும் சிறு உருவம் சங்கிலிகளில் தொங்கும் கட்டிலில் கிடத்தப்படுகின்றது. இவ்வுருவத்தை அளித்தவர் பல்லவர் குலத்தைச் சேர்ந்த சாமவை என்னும் பெண்மணி என்பதைத் திருமலைக் கோயிலின் தமிழ்க் கல்வெட்டு தெரிவிக்கின்றது. தெலுங்குக் கீர்த்தனைகள் பல இயற்றிய அன்னமாச்சாரியாரின் (1408–1503) வழித்தோன்றல்கள் தாலாட்டுப் பாடுகின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டுப் பெண் கவிஞர் தரிகொண்டா வெங்கமாம்பாவின் பெயரிலும் ஆரத்தி ஒன்று காட்டப்படுகின்றது. மார்கழி மாதத்தில் மட்டும் போக சீனிவாசருக்குப் பதிலாகக் கண்ணன் உருவம் கட்டிலில் இடம்பெறும். அம்மாதம் காலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கும். எனவே அந்த முப்பது நாள்களும் உறங்குபவர் கண்ணன், எழுப்புபவர் ஆண்டாள்.

திருவரங்கத்தில் மூலவரே பள்ளிகொண்ட நிலையில்தான் இருக்கின்றார். இங்கு வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய நாள்களில் இரவில் வீணை இசைத்து இறைவனைத் துயிலச் செய்வது வீணை ஏகாந்தம் எனப்படுகின்றது.

பாம்பணை

உறங்கும் கடவுள் எனப் பேசும்போது அவரது படுக்கையைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. ஆதிசேடன் ஆயிரம் தலைகள் கொண்ட மாயப் பாம்பு. திருமால் நடந்தால் குடையாகவும், இருந்தால் இருக்கையாகவும், கிடந்தால் மெத்தையாகவும் ஆவது அதன் தொழில். திருமால் பாம்பணையில் கிடக்கும் கோலம் தமிழ் இலக்கியத்துக்கு மிகப் பழையது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை காஞ்சியின் வெஃகாவில் கிடக்கும் திருமாலைக் குறிப்பிடுகின்றது. சிலப்பதிகாரம் திருவரங்கத்தைக் குறிப்பிடுகின்றது.

அந்த வெஃகாவைப் பற்றித்தான் பாம்பையும் படுக்கையையும் இணைக்கும் மிகச் சுவையான கதை வழங்குகின்றது. திருமழிசை ஆழ்வாரின் சீடன் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் ஊரைவிட்டுப் போகச் சொன்னான். சீடன் போனால் நானும் போவேன் என்று ஆழ்வார் புறப்பட்டார். புறப்படும்முன் கோயிலில் கிடந்த இறைவனிடம், நாங்கள் போகின்றோம், நீயும் உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா என்றார். இறைவன் அவ்வாறே எழுந்து பின்சென்றான். ஊர் இருண்டது. மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்க, மூவரும் திரும்பினர். ஆழ்வார் மறுபடியும் சொல்ல, இறைவன் பாயை விரித்துப் படுத்தான். ஆனால் இம்முறை திசை மாறிப் படுத்துவிட்டான். பிற தலங்களில் காணும் கிடக்கைக்கு எதிர்ப்புறமாக இங்கே பெருமாள் கிடப்பதற்கு இதனைக் காரணமாகக் கூறுவர். சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்பதே அவர் பெயர். ஆதிசேடன் இக்கதையில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. சுருட்டினால் சுருண்டு, விரித்தால் விரிந்துகொள்கின்றது.

மாமல்லபுரத்தில் பல்லவர் காலத்து மகிடாசுரமர்த்தினி குகையில் பாம்பணைக் காட்சி பெரிய புடைப்புச் சிற்பமாக உள்ளது. ஒரு சுவரில் துர்க்கை எருமைத்தலை அசுரனுடன் போர் புரிகின்றாள். எதிர்ச் சுவரில் திருமால் அசைவின்றி உறங்குகின்றார். போரும் உறக்கமும் ஒரே மண்டபத்தில் எதிரெதிரே நிற்பதைத் தமிழ்ச் சிற்பக்கலையின் உச்சங்களுள் ஒன்றாகக் கூறலாம். அதே ஊரில் உள்ள தலசயனப் பெருமாளுக்கோ பாம்பும் இல்லை, வெறுந்தரையில் கிடக்கின்றார்.

விழுப்புரம் வட்டாரத்தில் செஞ்சிக்கு அருகிலுள்ள சிங்கவரம் அரங்கநாதர் கோயில், பல்லவர் காலக் குடைவரைகளுள் ஒன்று. பாறையைக் குடைந்து, அப்பாறையிலேயே பாம்பையும் அதன்மேல் கிடக்கும் பெருமாளையும் வடித்துள்ளனர். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராசன் 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையுடன் போரிடப் புறப்படும்முன் இங்கு வந்து விடை கேட்டதாகவும், பெருமாள் போகவேண்டாம் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் மக்கள் கூறுவர். தேசிங்கு போனான், இறந்தான். இது செவிவழிக் கதையே. ஆயினும் தேசிங்கு ராசன் கதை கேட்டு வளர்ந்த அப்பகுதி மக்களிடம் சிங்கவரத்துப் பெருமாள் உறங்குகின்றாரா என்று கேட்டால், கண்தான் மூடியிருக்கின்றது என்ற வகையிலேயே விடை வரும். வைணவர் இதனை யோக நித்திரை அல்லது அறிதுயில் என்பர். எல்லாம் அறிந்தபடியே கொள்ளும் உறக்கம் என்பது இதன் பொருள். அறிதுயில் என்னும் இத்தமிழ்ச் சொல்லுக்கு ஈடான சொல் வேறு மொழிகளில் எளிதில் கிடைப்பதில்லை.

தென்பெண்ணைக் கரையில் மணலூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள ஆதிதிருவரங்கத்திலும் மிகப் பெரிய கிடந்த கோலத் திருவுருவம் உள்ளது. 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிக்கப்படும்வரை இதுவும் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்ததே.

இறைவனுக்கு நாளுக்கு ஓர் இரவு மட்டுமல்ல, ஆண்டுக்கு ஒரு பேருறக்கமும் உண்டு. ஆடி மாதத்தை ஒட்டி வரும் சயன ஏகாதசியில் திருமால் உறங்கத் தொடங்கி, நான்கு மாதங்கள் கழித்துக் கார்த்திகையை ஒட்டி வரும் உத்தான ஏகாதசியில் எழுவதாகக் கூறுவர். மழைக்காலத் துறவியர் ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாசிய நோன்பு இதனோடு பொருந்துகின்றது.

உறங்காதவர்கள்

கடவுள் உறங்கினால் கோயிலை யார் காப்பது? இக்கேள்விக்கு மரபு தெளிவான ஏற்பாடு செய்துள்ளது. சிவன் கோயில்களில் வடகிழக்கு மூலையில் நாய் வாகனத்துடன் நிற்கும் பைரவருக்கு இறுதியாகப் பூசை செய்து, கோயில் சாவியை அவர்முன் வைத்து எடுக்கும் வழக்கம் உண்டு. இரவுக் காவல் அவர் பொறுப்பு. நந்தி கருவறையை நோக்கித் திறந்த கண்களுடன் கிடக்கும். வாயிற்காவலர்களான துவாரபாலகர்கள் ஓங்கிய தண்டுடன் நின்றுகொண்டே இருப்பர். அன்னம், யாளி, மயில், காமதேனு என்று திருவிழாக்காலத்தில் மட்டும் வெளிவரும் வாகனங்களோ, துணி போர்த்தி ஆண்டின் பெரும்பகுதியையும் வாகன மண்டபத்தில் உறங்கியே கழிக்கின்றன.

கோயில் மதிலுக்கு வெளியே நிலைமை வேறு. ஊர் எல்லையில் நிற்கும் ஐயனாருக்கும் முனீசுவரனுக்கும் பள்ளியறை கிடையாது. அவர்கள் வேலை தொடங்குவதே இரவில்தான். வேளார்கள் செய்து தரும் சுடுமண் குதிரைகள் பகலில் ஏரிக்கரையில் அசையாது நிற்கின்றன. இரவில் ஐயனார் அவற்றின்மேல் ஏறி ஊரைச் சுற்றுவார் என்பது நம்பிக்கை. விழுப்புரம், கடலூர், புதுச்சேரிப் பகுதிகளில் இத்தகைய குதிரைகளை இன்றும் காணலாம். உறங்காமல் அடம்பிடிக்கும் குழந்தையிடம் சொல்லப்படுவதும் இந்தக் குதிரைகளின் குளம்போசையே. ஆக, பெருங்கோயில் தெய்வம் உறங்கச் செல்லும் நேரமும் சிறுதெய்வம் பணிக்குப் புறப்படும் நேரமும் ஒன்றுதான். உறக்கம் என்பதும் ஒரு தகுதி வேறுபாடாகவே இருந்துள்ளது என இதனைப் படிக்கவும் இடமுண்டு.

தாலாட்டும் அதனைப் பாடியவர்களும்

கடவுளைத் தாலாட்டுவது பள்ளியறைக்கு மட்டும் உரியதன்று. பெரியாழ்வார் தம்மை யசோதையாக எண்ணிக் கண்ணனைத் தாலாட்டினார். குலசேகர ஆழ்வார் திருக்கண்ணபுரத்தில் இராமனைத் தாலாட்டினார். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தில் மூன்றாம் பருவம் தாலப் பருவமே. தாலாட்டுக்கு உரிய இராகமாக நீலாம்பரி கருதப்படுகின்றது. பள்ளியறையில் நாகசுரக் கலைஞர்கள் நீலாம்பரி வாசிப்பதற்கும் அதுவே காரணம்.

ஆனால் வாசலில் நின்று நாள்தோறும் பாடியது யார் என்ற கேள்வி எளிதானது அன்று. பல நூற்றாண்டுகளாக அப்பணி தேவரடியார்களுடையது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரைக் குடியமர்த்தியதைக் கல்வெட்டு கூறுகின்றது. பிற்காலத்தில் இம்மரபில் வந்த பெண்கள் இரவில் இறைவனுக்குக் கும்ப ஆரத்தி எடுத்துக் கண்ணேறு கழித்தனர். ஊஞ்சல் பாட்டும் லாலியும் பாடினர். திருத்தணி முருகன் கோயிலில் நிலவிய இத்தகைய பாடல்களையும் சடங்குகளையும் சாசுக்கியா கெர்சன்பூம் என்னும் நெதர்லாந்து ஆய்வாளர் 1987-இல் வெளியான நித்தியசுமங்கலி என்னும் நூலில் பதிவு செய்துள்ளார்.

இப்பெண்களின் வாழ்வு பாடலைப்போல் இனிமையாக இருக்கவில்லை. சிறுமியராக இருக்கும்போதே பொட்டுக்கட்டி விடப்பட்டு, செல்வர்களின் விருப்பத்துக்கு உள்ளானோர் பலர். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929-இல் கோயில் மானிய நிலங்கள் இப்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு அப்பெண்களுக்கே உரியவாயின. பொட்டுக்கட்டுதலையே தடைசெய்யும் மசோதாவை அவர் 1930-இல் கொண்டுவந்தார். அதே மரபில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இம்முயற்சியை உறுதியாக ஆதரித்தார். 1936-இல் அவர் எழுதிய தாசிகள் மோசவலை என்னும் புதினம் இவ்வாழ்வின் உள்முகத்தைக் காட்டியது. மறுபுறம், பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட சிலர் தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்று எதிர்த்தனர். இருதரப்பும் சொன்னதில் உண்மை இருந்தது என்றே இன்று பார்க்கும்போது தோன்றுகின்றது. ஆனால் ஒரு சிறுமியின் வாழ்வையும் ஒரு பாட்டையும் தராசில் வைத்தால் எது கனமானது என்பதில் ஐயம் இருக்க இயலாது.

தடைச்சட்டம் நிறைவேறியது 1947-இல். அப்போது சென்னை மாகாணப் பிரதமர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த ஓ. பி. இராமசாமி ரெட்டியார் (1895–1970). அவர் 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்பிரல் வரை பதவியில் இருந்தார். அவரது ஆட்சியில்தான் ஒடுக்கப்பட்ட மக்கள் எல்லாக் கோயில்களிலும் நுழைவதற்கான 1947-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தது. மதுரையில் 1939 சூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கோயில் நுழைவு நடைபெற்றபோதும், பிற கோயில்களின் கதவுகள் முழுமையாகத் திறக்க மேலும் எட்டாண்டுகள் ஆயின. ஓமந்தூரார் இறைமறுப்பாளர் அல்லர். வள்ளலாரிடம் ஆழ்ந்த பற்றுக் கொண்டவர். பதவியை விட்டபின் வடலூரில் தங்கிப் பணியாற்றியவர். கோயில்கள் தொடர்பான அவரது சீர்திருத்தங்களை விரும்பாதவர்கள் அவரைத் தாடியில்லாத இராமசாமி என்று கேலி செய்ததாகக் கூறுவர். தாடியுள்ள இராமசாமி யார் என்பதை விளக்கத் தேவையில்லை.

இவ்விரு சட்டங்களும் பள்ளியறை வாசலை இரண்டு வகையில் மாற்றின. அதுவரை பிறப்பால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் பல்லக்கின் பின்னே நடந்துவர முடிந்தது. அதே வேளையில் பல்லக்கின் முன்னே பாடிவந்த பெண்களின் வரிசை அத்துடன் நின்றது. பாடல்களில் ஒரு பகுதியை ஓதுவார்களின் தேவாரமும் திருவாசகமும் நிரப்பின. லாலியும் ஊஞ்சல் பாட்டும் கச்சேரி மேடைக்கும் திருமண வீடுகளுக்கும் இடம்பெயர்ந்தன. திருமண ஊஞ்சலில் மணமக்களை ஆட்டிப் பாடும் பெண்கள், அப்பாடல்களின் முந்தைய இருப்பிடத்தைப் பெரும்பாலும் அறிவதில்லை. 2021-இல் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் பெண் ஓதுவார் ஒருவரை அரசு நியமித்தது. பாடும் பணிக்குப் பெண் வருவது புதுமை என்று செய்திகள் வந்தன. வரலாறு அறிந்தோர்க்கு அது மீள்வருகையாகவே தெரியும், பொட்டு இல்லாமல், ஊதியத்துடன்.

சபரிமலையின் உறக்குப்பாட்டு

இன்று தமிழர்கள் மிக அதிகமாகக் கேட்கும் உறக்குப்பாட்டு தமிழ்நாட்டுக் கோயில் எதற்கும் உரியதன்று. சபரிமலையில் நடை சாத்தும்போது ஒலிக்கும் அரிவராசனம் அது. இதனை இயற்றியவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கம்பங்குடி குளத்தூர் ஐயர் என்றும், கோன்னகத்து சானகி அம்மா என்றும் இருவேறு கூற்றுகள் உள்ளன. 1975-இல் வெளியான சுவாமி ஐயப்பன் திரைப்படத்துக்காக ஜி. தேவராசன் இசையமைக்க, கே. யே. யேசுதாசு பாடிய வடிவமே பரவலாக அறியப்பட்டது. பாடல் ஒலிக்கும்போது உடன்பூசை செய்வோர் ஒவ்வொருவராக வெளியேறுவர். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைக்கப்படும். இறுதியில் மேல்சாந்தி நடையைச் சாத்துவார். திரைப்படத்துக்கான பதிவு ஒன்று கோயில் சடங்கோடு இந்த அளவுக்கு ஒன்றிப்போனதற்கு வேறு எடுத்துக்காட்டு அரிது.

பிற இடங்களில்

ஒடிசாவின் பூரி செகந்நாதர் கோயிலில் இறைவனை உறங்கச் செய்யும் இரவுச் சடங்கு பகுடா எனப்படும். செயதேவரின் கீத கோவிந்தம் அக்கோயில் வழிபாட்டில் நெடுங்காலமாக இடம்பெறுவது. இலங்கையில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலும் பள்ளியறைப் பூசை உண்டு. இந்தியாவுக்கு வெளியே பண்டைய எகிப்தியர்களும் கோயில் திருவுருவத்தைக் காலையில் எழுப்பி, கழுவி, உடுத்தி, உணவு படைத்து, இரவில் ஓய்வுகொள்ள விட்டனர். கதவின் தாழ்ப்பாளைக் கயிற்றால் கட்டி களிமண் முத்திரை இடுவது அவர்கள் வழக்கம். இரு நாட்டுக்கும் தொடர்பு இருந்ததாகக் கொள்ளத் தேவையில்லை. கடவுளை அரசனாக எண்ணிய இடங்களில் எல்லாம் அவனுக்குப் படுக்கையும் தேவைப்பட்டிருக்கின்றது.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறையின் ஒருகாலப் பூசைத் திட்டத்தில் மட்டும் 12,000-க்கும் மேற்பட்ட கோயில்கள் உள்ளன. வருவாய் இல்லாத இக்கோயில்களில் நாளுக்கு ஒரு முறை விளக்கேற்றுவதே பெரும்பாடு. ஒரே அருச்சகர் இரண்டு மூன்று ஊர்களுக்கு மிதிவண்டியிலோ இருசக்கர வண்டியிலோ சென்று வருவதுண்டு. இத்தகைய கோயில்கள் பலவற்றில் பள்ளியறை கட்டடமாக இருக்கின்றது, பூசையாக இல்லை. உள்ளே விளக்கெண்ணெய்த் தகரமும் உடைந்த வாகனத்தின் காலும் கிடக்கும். ஓவியமோ கல்வெட்டோ உள்ள அறைகள் ஒட்டடைக்குள் மறைந்துள்ளனவா என்று பார்ப்பதற்கும் ஆளில்லை. உள்ளூர் மாணவர்கள் தங்கள் ஊர்க் கோயிலின் பள்ளியறையைப் பார்த்து, அங்கு முன்பு என்ன பாடப்பட்டது, யார் பல்லக்குத் தூக்கினர் என்று முதியவர்களைக் கேட்டுக் குறித்துவைத்தால் அது நல்ல ஆவணமாக அமையும்.

ஆங்கிலப் புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில் கோயில்களைத் திறந்து வைப்பது பற்றி ஆண்டுதோறும் விவாதம் எழுகின்றது. அர்த்தசாமம் முடிந்து பள்ளியறை சாத்தியபின் சிவராத்திரி, வைகுண்ட ஏகாதசி போன்ற நாள்கள் தவிர நடை திறத்தல் ஆகமத்துக்குப் பொருந்தாது என்பது ஒரு தரப்பு. வருகின்ற மக்களை வாசலில் நிறுத்தலாகாது என்பது மறுதரப்பு. பல கோயில்களில் அன்று மட்டும் பள்ளியறைப் பூசையின் நேரத்தைத் தள்ளிவைத்து இரு தரப்பையும் நிறைவு செய்கின்றனர்.

2020-இல் கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் மார்ச்சு மாதம் முதல் பல மாதங்கள் கோயில்களில் மக்கள் அனுமதிக்கப்படவில்லை. ஆயினும் பூசைகள் நிற்கவில்லை. அருச்சகரும் பல்லக்குத் தூக்குவோரும் மட்டுமே இருக்க, ஆளில்லாத திருச்சுற்றில் பல்லக்கு நாள்தோறும் வலம் வந்தது. பால் வாங்க நீட்டிய கைகள் அந்த மாதங்களில் வாயிலில் இல்லை. கதவு மட்டும் வழக்கமான நேரத்தில் சாத்தப்பட்டது.